இரண்டு டிரம்களுக்கு நடுவே ஒரு டாக்டர்

போன சனிக்கிழமை நகாசி சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு கார் என் தக்காளிப் பையை இடித்தது.

என்னை இல்லை. பையை மட்டும். தூறல் விழுகிறதே என்று பையைக் கீழே வைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாடகைக் கார் பின்பக்கமாக வந்தது. வந்தது என்றா சொன்னேன்? முதலில் இடது பக்கம் போனது. நின்றது. யோசித்தது. பிறகு வலது பக்கமாக வளைந்து, நேராக என் தக்காளிமேல் ஏறி நின்றது.

இப்படி ஒரு ரிவர்ஸ் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வரும். காரிலிருந்து இறங்கப்போவது யார் என்று கதவு திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாஸ்டர்... நீங்களா?" என்றபடி இறங்கினார் டாக்டர் சின்னசாமி. ஒரு காலத்தில் சுவாவில் பல்கலைக்கழகத்தில் நில அளவை சொல்லிக்கொடுத்தவர். இப்போது பிரிஸ்பேனில் பெரிய வேலை. விடுமுறைக்கு வந்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

அவர் டாக்டர் பட்டம் வாங்கியவர். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் நான் அவரை சார் என்கிறேன், அவர் என்னை மாஸ்டர் என்கிறார் — நம் ஊரில் வாத்தியாரை அப்படித்தானே கூப்பிடுகிறோம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார். வணக்கம் சொன்னேன். அந்த அம்மா மெதுவாகக் கார்க் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

ஏன்? சொல்கிறேன் பிள்ளைகளே. கொஞ்சம் பெரிய கதை. இதில் ஒரு துப்பாக்கி வருகிறது, ஒரு பந்து வருகிறது, வாத்துகள் வருகின்றன. பயப்படாதீர்கள். வாத்து உட்பட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு நான் ஸ்கூல் வேன் அங்கிள். அதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் வேலை பார்த்தேன். பாடம் நடத்தும் வேலை இல்லை. காலையில் வகுப்பறைகளைத் திறப்பது, ஓவர்ஹெட் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது, வேன் ஓட்டுவது. சாயங்காலத்தில் என் பழைய கொரோலாவில் ஆட்களுக்கு டிரைவிங் கற்றுக்கொடுப்பேன். அதற்கு முறையான பர்மிட் உண்டு. நான் கையெழுத்துப் போட்டால்தான் என்னிடம் படித்தவர் டெஸ்ட்டுக்குப் போக முடியும். இந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நம் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. காலையில் ஒரு அரசாங்கம் இருந்தது. மத்தியானம் ரேடியோவில் வேறு ஆள் பேசினார். அவ்வளவுதான். மறுநாள் ரோட்டில் சோதனைச் சாவடி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, பல்கலைக்கழக கேட்டில் ஒரு சிப்பாய். அப்புறம் ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர்... நம் தெருவில் யாராவது சோபாவை வாசலில் போட்டு விற்றால், அடுத்த வாரம் அவரை நாண்டி ஏர்போர்ட்டில் மாலையோடு பார்க்கலாம்.

படித்தவர்கள் இன்னும் வேகமாகக் கிளம்பினார்கள். என் மகள் சரோஜினி — வீட்டில் சரோ — நில அளவை படிக்கச் சேர்ந்தபோது அந்தத் துறையில் ஒன்பது ஆசிரியர்கள். அவள் கடைசி வருஷத்துக்கு வந்தபோது மீதி இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சின்னசாமி சார். இன்னொருவர் விகாஷ் என்கிற இளைஞர்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் உத்திகள் பற்றி மூன்று நாள் பயிலரங்கு. வெளிநாட்டிலிருந்து நிபுணர் வருகிறார். ஒவ்வொரு துறையிலிருந்தும் குறைந்தது ஐந்து பேர் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அந்தப் படிப்பு இந்தப் பருவத்தோடு நிறுத்தப்படும்.

கடிதத்தை டைப் அடிக்கும்போது துறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அது தபாலில் வந்து சேர்வதற்குள் மூன்று பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். சரி, விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்கலாமே? கேட்டோம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் போயிருந்தார்.

படிப்பு நின்றால் சரோவோடு சேர்த்துப் பதினோரு பிள்ளைகள் நடுத்தெருவில். மூன்று வருஷம் வெயிலில் அளக்கும் கருவியின் முக்காலியைத் தோளில் சுமந்து மலை மலையாக ஏறி இறங்கியவள். கடைசி ஐந்து மாதத்தில் போச்சு என்றால் எந்த அப்பனுக்குத் தூக்கம் வரும்?

துறை ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள் மேரே. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அங்கே பேச்செல்லாம் இங்கிலீஷும் ஹிந்தியும்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்; என்னை அவள் கூப்பிடும் 'பாயி' மட்டும் அப்படியே — ஹிந்தியில் அண்ணன்.

"பாயி, நீ ஆளுங்களுக்கு டிரைவிங் சொல்லித் தர்ற இல்ல?"

"ஆமா."

"அப்ப உக்காரு. இந்தப் பயிலரங்கு பாரத்துல பேரு எழுது."

"மேரே, நான் எட்டாங்கிளாஸு."

"பாரத்த நல்லாப் பாரு. 'பெயர்' கேக்குது. 'என்ன கற்றுத் தருகிறீர்கள்' கேக்குது. என்ன படிச்சேன்னு எங்க கேக்குது?"

மேரே தன் பாரத்தில் 'சர்ச் பாட்டு' என்று எழுதினாள். தோட்டக்காரர் ஜோனே 'ரக்பி' என்று எழுதினார். அவர் கிராமத்துப் பையன்களுக்கு அவர்தான் கோச். பொய் சொல்லாதீர்கள் என்று இந்தச் சிறுவர் பக்கத்தில் உங்களுக்கு எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இது பொய்யா? பாரத்தை மூன்று தடவை படித்தேன். கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் எழுதினேன்.

நிபுணர் பெயர் டாக்டர் ஹென்ட்ரிக். நல்ல மனிதர். வெயிலில் மூக்கு தக்காளி மாதிரி சிவந்திருந்தது. "வகுப்பில் முன்வரிசை, பின்வரிசை கூடாது" என்றுதான் தொடங்கினார். "வட்டமாக உட்காருங்கள். வட்டத்துக்கு முன்பக்கம் கிடையாது. நானும் உங்களில் ஒருவன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்த விருந்தாளிக்கு யங்கோனா வேர்த்தூள் பானம் கரைத்துக் கொடுக்க வேண்டாமா? ஜோனே பாய் விரித்து, நடுவில் மரப் பாத்திரத்தை வைத்துவிட்டார். அந்தப் பாத்திரத்தில் ஒரு கயிறு உண்டு. கயிறு, சபையில் யார் பெரியவரோ அவரைப் பார்த்து இருக்க வேண்டும். அவர் இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். மற்றவர்கள் பாத்திரத்துக்கு இந்தப் பக்கம்.

தனக்கு எதிரே மட்டும் எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்திருப்பதை டாக்டர் ஹென்ட்ரிக் பார்த்தார். எழுந்து வந்து ஜோனேவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜோனே கயிற்றை அவர் பக்கம் திருப்பினார். நாங்கள் எல்லோரும் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தோம். அவர் மறுபடி எங்கள் பக்கம் வந்தார். ஜோனே கயிற்றைத் திருப்பினார். நாங்கள் எழுந்தோம்...

பத்தரை மணிக்குள் டாக்டர் ஹென்ட்ரிக் அந்த அறையை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டார். நாங்களும் சுற்றிவிட்டோம். பாத்திரம் மட்டும் நடுவில் இருந்தது. 'இந்த ஊர் ஆசிரியர்கள் சுறுசுறுப்பானவர்கள்' என்று அவர் நோட்டில் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன்.

மத்தியானம் ஒரு பந்தை எடுத்தார். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமாம். முதலில் ஜோனேயிடம் போட்டார். ஜோனே ரக்பிக்காரர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனை அவருக்குப் பிடிக்காது. கண்ணை இமைப்பதற்குள் மேரேவுக்குப் போட்டார். மேரே எனக்கு, நான் விகாஷுக்கு, விகாஷ் சின்னசாமி சாருக்கு, அவர் ஜோனேவுக்கு. இருபது நிமிஷம். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. பந்து ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை.

"அற்புதமான குழு உணர்வு" என்றார் டாக்டர் ஹென்ட்ரிக். அவர் குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தது.

இரண்டாம் நாள் காலையில் விகாஷுக்கு விசா வந்துவிட்டது. டீ குடிக்கப் போனவர் கனடா போய்விட்டார். கணக்கில் ஒரு ஆள் குறைகிறது. மேரே நேராக கேட்டுக்குப் போனாள்.

"தம்பி, உனக்கு யாருக்காவது ஏதாவது சொல்லித்தரத் தெரியுமா?" என்று சிப்பாயைக் கேட்டாள்.

"புதுசா வர்றவங்களுக்கு மார்ச் பண்ணச் சொல்லித் தருவேன்."

"போதும். உள்ள வா."

"கேட்ட யாரு பாத்துக்கறது?"

"ஜன்னல்லேந்து தெரியும். வா."

முதல் நாள் அவன் வரவில்லையே என்று நான் கேட்டேன். முதல் நாள் முழுக்க அவன் கேட்டில் நின்று ஜன்னல் வழியாக எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அதுவும் கலந்துகொண்டதுதான் என்றாள் மேரே. துப்பாக்கியை மூலையில், குடைகள் வைக்கும் இடத்தில் சாத்திவிட்டு அவன் பாயில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு டாக்டர் ஹென்ட்ரிக் யாரைக் கேள்வி கேட்டாலும் முன்னால் ஒரு 'தயவுசெய்து' சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நாங்கள் ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சிப்பாய் எங்களை வரிசையாக நிற்க வைத்து இரண்டே நிமிஷத்தில் நடக்கப் பழக்கிவிட்டான். மேரே பாட வைத்தாள். ஜோனே ரக்பி சொல்லிக்கொடுத்தபோது டாக்டர் ஹென்ட்ரிக்கே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடினார். கடைசியில் சின்னசாமி சார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகை நிறைய எழுதினார். சிப்பாய் தூங்கிவிட்டான்.

"நீங்கள் ஜோனேயிடம் நிறையக் கற்றுக்கொள்ளலாம்" என்று சின்னசாமி சாரிடம் சொன்னார் நிபுணர். சார் கோபிக்கவில்லை. ஜோனேயிடம் போய், நோட்டைத் திறந்து, எழுதிக்கொண்டார். அதுதான் சின்னசாமி சார்.

அன்று டாக்டர் ஹென்ட்ரிக் கடைசியாகச் சொன்னது மட்டும் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. "மாணவர் ஒரு படியில் முழுத் தேர்ச்சி அடையாமல் அடுத்த படிக்கு விடாதீர்கள். நாட்களை எண்ணாதீர்கள். தேர்ச்சியைப் பாருங்கள்." நான் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

சான்றிதழ் கொடுத்தார்கள். விண்ணப்பத்தோடு இதை இணைத்தால் நியூசிலாந்து விசா கிடைக்குமா என்று சிப்பாய் விசாரித்தான். பயிற்சி பெற்ற ஐந்து பேர் இருப்பதால் படிப்பு தொடரலாம் என்று ஆர்டர் வந்தது. சரோ அன்றைக்குச் சிரித்த சிரிப்பு... சரி, அதை விடுங்கள்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் சின்னசாமி சார் கையில் ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஏற்கெனவே பிரிஸ்பேனில் உறவினர் வீட்டில். இப்போது அவருக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை — காடு மேடெல்லாம் தானே வண்டி ஓட்டிப் போய் அளக்க வேண்டும். லைசென்ஸோடு வர வேண்டும்.

"மாஸ்டர், ஆறு வாரத்துல எனக்கு டிரைவிங் வரணும்."

பிள்ளைகளின் பரீட்சைக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது.

வீட்டில் சரோவிடம் மெல்லக் கேட்டேன். "சார் போயிட்டா என்னம்மா ஆகும்?"

"என்ன ஆகும்? பாடம் பாதிதான் முடிஞ்சிருக்குப்பா. மீதிய ஜோனே அங்கிள் நடத்துவாரா?"

சட்டப்படி நடத்தலாம். அவரிடம் சான்றிதழ் இருக்கிறது. நானும் நடத்தலாம்...

வுனிமோனோவில் என் மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்தில் காலி இடம் உண்டு. தினமும் நான்கு மணிக்கு அங்கே பாடம். சார் புலிலேகாவில் கரும்புத் தோட்டத்தில் காளை ஓட்டி வளர்ந்தவர். பிறகு நேராகப் படிப்பு, ஹாஸ்டல், பஸ். இரண்டே வாரத்தில் கார் முன்னால் போகப் பழகிவிட்டார். ரிவர்ஸ்தான் வரவில்லை.

"காளை பின்னால போகாது மாஸ்டர். நாமதான் எறங்கிப் போயி மூஞ்சியப் புடிச்சித் திருப்பணும்" என்று ஒரு நாள் கொரோலாவை விட்டு இறங்கவே பார்த்தார்.

இப்போது உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட்டில் ஒரு சுவர் ஓரமாக நேராகப் பின்னால் வந்தால் போதும். அவ்வளவுதான் கேட்பார்கள். ஐந்தாவது வாரத்தில் சாருக்கு அது தட்டுத் தடுமாறி வந்துவிட்டது. ஆனால் நான் என்ன செய்தேன்? மைத்துனரின் தண்ணீர் டிரம் இரண்டைச் சரிவில் உருட்டி வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் கார் நுழையும் இடம், ஒரு கை அகலம் மட்டும் கூடுதல். இதற்குள் ரிவர்ஸில் வந்து நிற்க வேண்டும் என்றேன்.

சார் முதலில் முக்காலி போட்டுக் கோணம் அளந்தார். காகிதத்தில் கணக்குப் போட்டார். கணக்கு சரியாக இருந்தது. கார் வாத்துக் கூண்டுக்குப் போய்விட்டது. மைத்துனர் கூண்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் சாரும் அதைத் தேடிக்கொண்டு அங்கேயே போனார்.

"மாஸ்டர்... கையெழுத்து?" என்று ஆறாவது வாரம் கேட்டார்.

"முழுத் தேர்ச்சி வரல சார். நாள எண்ணக் கூடாது. தேர்ச்சியத்தான் பாக்கணும்."

"அது டாக்டர் ஹென்ட்ரிக் சொன்னதாச்சே."

"ஆமா சார். ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கேன்."

அவர் டிரம்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "சரி மாஸ்டர்" என்று மறுபடி காரில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் சரோவின் அம்மா விடவில்லை. "அங்க ரெண்டு சின்னப் புள்ளைங்க அப்பா எப்ப வருவாருன்னு வாசலயே பாத்துக்கிட்டு இருக்கும். உங்களுக்கு இருக்கறது ஒன்னு. அதுவும் கண்ணு முன்னால இருக்குது. நல்லா இருக்குதா நீங்க செய்யறது?"

நல்லா இல்லைதான். மறுநாள் பேனாவோடுதான் வுனிமோனோ போனேன், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று. அன்றைக்குப் பார்த்து சார் இரண்டு டிரம்மையும் ஒரே நேரத்தில் சாய்த்தார். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். சார் முதல் தடவையிலேயே பாஸ். அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார். பதினோரு பேரும் தேறினார்கள். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளின் ஆறு வாரத்தை நான் எடுத்துக்கொண்டேனே... அது இத்தனை வருஷமாக உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் போன சனிக்கிழமை, நசுங்கிய தக்காளிக்குப் பக்கத்தில் நின்று, "சார், உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"டெஸ்ட்ல டிரம்மே இல்ல. அதானே?" என்றார்.

குடையை மடக்கினேன், மறுபடி விரித்தேன்.

"டிரம் வச்ச அன்னிக்கே தெரியும் மாஸ்டர். லைசென்ஸ் ஆபீஸ் கையேட்டுல எல்லாம் போட்டிருக்குதே. நான் படிக்கிற ஆளு இல்லையா?"

"அப்புறம் ஏன் சார் ஒரு வார்த்த கேக்கல?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு புள்ளைங்கள பாதியில விட்டுட்டு வர மனசில்லன்னு வீட்ல சொல்ல முடியுமா? போன்ல அழுவாங்க. நம்ம புள்ளைங்க முக்கியமா, ஊரான் புள்ளைங்க முக்கியமான்னு கேப்பாங்க. அதனாலதான், மாஸ்டர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாருன்னு சொன்னேன். வாரா வாரம் அதையே சொன்னேன்."

"அதான் அம்மா கண்ணாடிய ஏத்திட்டாங்களா?"

"இன்னும் உங்க மேலதான் கோவம். சொல்லிடாதீங்க மாஸ்டர்."

சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கத் தெரிந்த நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

"அப்ப டிரம்ம இடிச்சதெல்லாம் நடிப்பா சார்?" என்று கேட்டேன்.

டாக்டர் சின்னசாமி சக்கரத்துக்கு அடியில் இருந்த என் தக்காளியைப் பார்த்தார்.

"இல்ல மாஸ்டர். அது நெசம்."

சரோ என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்தப் பட்டத்தை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆக்லாந்திலிருந்து அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. அதே நிபந்தனை. லைசென்ஸோடு வரவும்.

வுனிமோனோ போய் அதே டிரம்களை அதே சரிவில் உருட்டி வைத்தேன். இந்தத் தடவை அந்த ஒரு கை அகலத்தையும் விடவில்லை. வாத்துக் கூண்டையும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தச் சொன்னேன்.

அவள் காரை விட்டு இறங்கி, டிரம்களை ஒரு தடவை நின்று பார்த்தாள். ஏறினாள். ஒரே மூச்சில் பின்னால் வந்து, சரியாக நடுவில் நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"எப்படிம்மா?"

"கண்ணாலயே அளந்துட்டேன்பா. சின்னசாமி சார் கடைசி மாசம் நடத்தின பாடம்தான். கையெழுத்துப் போடுங்க."

பேனாவைத் தேடினேன். சட்டைப் பையில் தேடினேன், கால்சட்டைப் பையில் தேடினேன், கார் சீட்டுக்கு அடியில்கூடத் தேடினேன். என் காதில் செருகியிருந்த பேனாவை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.